பொண்ணு அமெரிக்க வரலாறு படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

சார், உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு, மார்க்கும் நன்றாக இருக்கிறது, அப்படியே பி.எட். சேர்த்துவிட்டால் ஒரு பள்ளிக்கூட வேலையாவது கிடைக்கும் என்று நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருக்க, பெண்ணோ இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாறுதான் படிப்பேன், முடிந்தால் அங்கேயே போய்ப் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நம்ம ஊர் வரலாறே சோறு போடாது, அடுத்த நாட்டு வரலாறு எங்கே போடப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிக்க விடுங்கள், ஆனால் அமெரிக்காவில் போய்ப் படிக்க ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள்.

முதலில் இந்த 'அடுத்த நாட்டு வரலாறு' விஷயம். உங்கள் மச்சான் மகன் நியூஜெர்சியில் கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிசை எப்படி வந்தது என்பதே உங்கள் பெண் படிக்க ஆசைப்படும் பாடத்தில் ஒரு அத்தியாயம். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்கு, அவர் வெள்ளையர் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி 1923-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குடியுரிமை கிடையாது என்றது. மறு வருஷம் வந்த சட்டம் ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1946-ல் கொஞ்சம் மனமிரங்கி இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் வருஷத்துக்கு 100. ஒரு லட்சம் இல்லை சார், வெறும் நூறு. அப்புறம் 1965 அக்டோபர் 3 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து புதுக் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது, இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்றும் சொன்னார். பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். மைக்கேல் ஃபீகன் என்ற, ஒஹையோ மாநிலத்திலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினர், படிப்பு-திறமையைவிடக் குடும்ப உறவுக்கு முன்னுரிமை வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்று அதைச் சட்டத்தில் சேர்க்க வைத்தார். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், அவர்கள் கூப்பிட்டால் அவர்களுடைய சொந்தக்காரர்கள்தானே வருவார்கள் என்பது கணக்கு. ஆனால் மேற்கு ஐரோப்பா அதற்குள் செழிப்பாகிவிட்டது, அங்கிருந்து கிளம்பி வர ஆளில்லை. இந்திய டாக்டர்களும் என்ஜினியர்களும் திறமைக்கான இடங்களில் உள்ளே போனார்கள், பிறகு அதே உறவுமுறைப் பிரிவைப் பிடித்து அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எந்த நாடானாலும் இத்தனைக்கு மேல் கூடாது என்று அன்று வைத்த உச்சவரம்புதான் 1990 சட்டத்தில் ஒரு நாட்டுக்கு வருஷ ஒதுக்கீட்டில் ஏழு சதவீதம் என்று மாறி, இன்று உங்கள் மச்சான் மகனை நிற்க வைத்திருக்கிறது. இதை ஆவணங்களோடு விளக்கத் தெரிந்த ஆளுக்கு வேலையே கிடைக்காது என்று நான் நம்பவில்லை. சுலபமாகக் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன், அதற்கு வருகிறேன்.

வரலாறு என்றால் வருஷமும் பெயரும் மனப்பாடம் செய்வது என்று நம் பள்ளிக்கூடங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அந்த மாதிரி படித்தால் நீங்கள் சொல்வது சரி, சோறு போடாது. ஆனால் இந்தத் துறையில் நிஜமாக நடக்கும் வேலை வேறு. ஒரு உதாரணம் காட்டுகிறேன், உங்கள் பெண்ணிடமும் காட்டுங்கள்.

1933-ல் அமெரிக்காவில் நாலு தொழிலாளியில் ஒருவருக்கு வேலை இல்லை. தவணை கட்ட முடியாமல் வீடுகள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ரூஸ்வெல்ட் அரசு, வீட்டுக்கடன்களை எடுத்து நீண்ட காலத் தவணையாக மாற்றிக் கொடுக்க ஒரு கழகத்தை ஆரம்பித்தது. சில வருஷத்தில் அந்தக் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களைத் தெருத்தெருவாகப் பார்த்து வரைபடம் போட்டது. கடனுக்கு நல்ல பகுதி பச்சை, அடுத்தது நீலம், அப்புறம் மஞ்சள், ஆபத்தானது சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் குடியிருப்போர் என்ன வேலை பார்க்கிறார்கள், வருமானம் எவ்வளவு என்று ஆரம்பித்து, வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், எந்த நாட்டார் என்று ஒரு வரி, நீக்ரோக்கள் உண்டா, எத்தனை சதவீதம் என்று ஒரு வரி, அதற்கு அடுத்து 'ஊடுருவல்' என்று ஒரு வரி, அதாவது யார் புதிதாக அந்தத் தெருவுக்குள் குடிவருகிறார்கள் என்று எழுத. கூரை எப்படி, தெரு எப்படி என்று கேட்கும் அதே குரலில் ஆட்களைப் பற்றியும் கேட்கிறது அந்தத் தாள். ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இந்த வரைபடங்களையும் படிவங்களையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இப்போது நல்ல மாணவி என்ன செய்வாள்? சிவப்பு மை பூசியதால்தான் கறுப்பர்களுக்குக் கடன் கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடிக்க மாட்டாள். இந்தப் படிவத்தை நிரப்பியது யார், உள்ளூர் நிலத் தரகர்களும் கடன் கொடுப்பவர்களும் சொன்னது இதில் எவ்வளவு, இந்த வரைபடம் யார் கைக்குப் போனது என்று தோண்டுவாள். தோண்டினால் ஒரு சிக்கல் வரும். அந்தக் கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடம் போடுவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிட்டது, சிவப்புப் பகுதிகளிலும் கொடுத்திருக்கிறது. அப்படியானால் பெரிய கேடு செய்தது, வங்கிக் கடனுக்கு அரசுக் காப்புறுதி கொடுத்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமா? ஆய்வாளர்களுக்குள் இன்றும் இதில் சண்டை நடக்கிறது. ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்துச் சொல்லும் இந்தப் பழக்கம்தான் சரக்கு. வக்கீல் ஆபீஸ், பத்திரிகை, கொள்கை ஆய்வு நிறுவனம், நிறுவனங்களின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலை, எங்கே போனாலும் இதற்குத்தான் சம்பளம்.

இன்னொன்று, இது பெண் பிள்ளை என்பதால் சொல்கிறேன். பஸ்ஸில் கறுப்பர்களைத் தனியாக உட்கார வைத்ததை எதிர்த்து அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் நடந்த பஸ் புறக்கணிப்பு என்றால் ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் என்று இரண்டு பெயரோடு நம் பாடப்புத்தகம் நின்றுவிடும். 1955 டிசம்பர் 1 இரவு, வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த பார்க்ஸ் கைதான செய்தி கேட்டதும் ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கில ஆசிரியை தன் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை உருட்டுப் பிரதி இயந்திரத்தில் அடித்தார். மறுநாள் அவை ஊர் பூராவும் போய்ச் சேர்ந்தன, திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அந்தப் போராட்டம் 381 நாள் நடந்தது என்றால், அத்தனை நாளும் ஆயிரக்கணக்கான வேலையாட்களை யார் காரில் ஏற்றிக்கொண்டு போனது, பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? கடைசியில் பஸ்ஸில் நிறப் பிரிவினை செல்லாது என்று ஆக்கிய வழக்கு பார்க்ஸ் பெயரில்கூட இல்லை. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் கைதானபோது 15 வயதுப் பள்ளி மாணவி, பெயர் கிளாடெட் கால்வின். இந்த மாதிரி விவரத்தில் உங்கள் பெண்ணுக்கு ருசி இருந்தால் அவளுக்குச் சட்டப் படிப்பும் பொருந்தும். பி.ஏ. முடித்த கையோடு மூன்று வருஷ எல்.எல்.பி. சேரலாம் என்பதை மனதில் வையுங்கள். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சமூக வரலாற்றில் பாதி நீதிமன்றத்தில்தான் நடந்தது.

சரி, வேலைக்கு வருவோம். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வில் 55 சதவீதம், அப்புறம் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வு, கூடவே பிஎச்.டி. இருந்தால் நல்லது. அரசுக் கல்லூரிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வருஷங்கள் ஓடிவிடும். தனியார் கல்லூரிகளில் ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். நெட் தேர்விலேயே இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், அதோடு ஐந்து வருஷம் தலைநிமிர்ந்து ஆராய்ச்சி செய்யலாம், பிந்தைய வருஷங்களில் தொகை கொஞ்சம் கூடும். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது. ஹைதராபாத்தில் 1964-ல் தொடங்கிய அமெரிக்க ஆய்வு மையம் ஒரு காலத்தில் இந்தத் துறைக்கே தலைவாசல், பனிப்போர் முடிந்தபின் அமெரிக்கப் பணம் வற்றி அந்தப் பழைய மவுசு போய்விட்டது. ஐ.ஏ.எஸ். பொது அறிவுத் தாளில் உலக வரலாறு வருகிறது, உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம், அந்தப் பகுதிக்கு ஒரு மாத வாசிப்பு போதும். பி.எட். பற்றிச் சொன்னீர்கள், அதையும் ஒதுக்க வேண்டாம். எம்.ஏ. முடித்தபின் செய்துகொள்ளலாம், சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் அமெரிக்க வரலாறு நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்குத் தேவை இருக்கிறது.

இப்போது அமெரிக்கா போகிற கதை. இங்கேதான் பெற்றோர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏஜென்சிக்காரர்கள் முதலில் நீட்டுவது எம்.ஏ. சேர்க்கைக் கடிதம், அதில் பெரும்பாலும் உதவித்தொகை இருக்காது, கட்டணமும் சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்தால் வீட்டை அடமானம் வைக்கிற தொகை வரும். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை அந்தக் கடனை அங்கே சம்பாதித்து அடைப்பான் என்று ஒரு நம்பிக்கையாவது வைக்கலாம், வரலாற்று எம்.ஏ.வுக்கு அந்த நம்பிக்கையே கிடையாது. அதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நல்ல பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. வேறு ரகம்: கட்டணம் தள்ளுபடி, கூடவே மாதச் செலவுக்குப் பணம், வழக்கமாக ஐந்து வருஷத்துக்கு. ஆனால் இடம் மிகக் குறைவு, சமீபத்தில் பல பல்கலைக்கழகங்கள் இன்னும் குறைத்திருக்கின்றன, படித்து முடித்தபின் அங்கே நிரந்தரப் பேராசிரியர் வேலையும் 2008-க்கு அப்புறம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பணம் கொடுத்துக் கூப்பிட்டால் போகட்டும், இல்லையென்றால் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது, இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை. இங்கே பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் அதில் சில மாதம் அமெரிக்கா போய் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பலாம். முதுகலைக்கான ஃபுல்பிரைட்டுக்கு மூன்று வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள், அதனால் இப்போதைக்கு அது இல்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே போய் என்ன தனியாகக் கிடைத்துவிடும் என்று கேட்பீர்கள். 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், மறு வருஷமே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து, உலக மொழிகளைப் படிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பணத்தைக் கொட்டியது. நம் மொழியும் அதில் ஒன்று. அதே காலத்தில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் நமக்கு அனுப்பிய கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் இங்கேயே தேங்கிக் கிடந்தது. அந்த ரூபாயில் 1962 முதல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது, தமிழ்ப் புத்தகங்களும் அப்படித்தான் சிகாகோ வரைக்கும் போயின. ரேஷன் கடைக் கோதுமையும் சிகாகோ அலமாரியில் இருக்கும் தமிழ் நாவலும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருகின்றன. இரண்டு பக்கமும் படிக்கத் தெரிந்த ஆள்தான் இந்தக் கதையை முழுசாக எழுத முடியும். அங்கே பிறந்து வளர்ந்த போட்டியாளருக்கு இல்லாத பலம் உங்கள் பெண்ணுக்கு இருக்கிறது, விண்ணப்பத்தில் இதைத்தான் முன்வைக்க வேண்டும்.

ஆசை நிஜமா, சீரீஸ் பார்த்து வந்த மயக்கமா என்று ஒரு சந்தேகம் எழுதியிருந்தீர்கள். திட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, வேலை கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு கேள்வியை எடுக்கட்டும். 1965-66 பஞ்சத்தில் ஜான்சன் இந்தியாவுக்குக் கோதுமையை ஏன் கப்பல் கப்பலாக இழுத்துப் பிடித்து அனுப்பினார், நம்ம சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக அவர்களோடு என்ன பேரம் பேசினார், இது போதும். அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தக் காலத்து ரகசியத் தந்திகளைத் தொகுத்து இலவசமாகப் போட்டிருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையத்தில் ஜான்சன் டெலிபோனில் பேசிய ஒலிப்பதிவுகளே கேட்கக் கிடைக்கும். இதில் சுற்றித் திரிந்து, இரண்டு மாதத்தில் இருபது பக்கம், தன் சொந்த வாக்கியத்தில், எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்ற குறிப்போடு எழுதட்டும். தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலம் அப்புறம் வரும். பத்தாம் பக்கத்தில் சலித்துப் போனால் அவளே வந்து உங்களிடம் பி.எட். விண்ணப்பம் கேட்பாள், உங்களுக்கும் சண்டை மிச்சம்.

முடித்துவிட்டால், மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள், விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும். ஜேஎன்யூ, டெல்லி, ஹைதராபாத் மூன்றையும் போடட்டும். விடுதிச் செலவு உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். பாதுகாப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம். அந்த இருபது பக்கத்தை எனக்கும் அனுப்பி வையுங்கள், படித்துவிட்டு எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம் என்று சொல்கிறேன்.