புது வீட்டின் முதல் குளிர்காலமும் எகிறும் ஹீட்டிங் பில்லும்

கேள்வி: ஒக்டோபர் கடைசியில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜக்ஸில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தோம். அதுவரை ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகை. ஹீட்டிங் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். நவம்பர், டிசம்பர் பில்கள் பெரிதாகத் தெரியவில்லை. ஜனவரி பில்லைப் பார்த்ததும் மனைவிக்குத் தலைசுற்றே வந்துவிட்டது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இரவெல்லாம் ஓடுகிறது. ஆனாலும் கராஜுக்கு மேலே உள்ள அம்மாவின் அறை மட்டும் விறைக்கிறது. போன கிழமை ஒருவர் வந்து, "உங்கட ஃபேர்னஸ் காணாது, அரசாங்கத் திட்டத்தில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் பெட்டி) இலவசமாகப் பூட்டலாம், மாத வாடகை மட்டும் கட்டினால் போதும்" என்றார். எங்கள் ரியல்டருக்குத் தெரிந்தவராம். கையெழுத்து வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் ஃபேர்னஸில் பிழை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்ராறியோவில் இப்போது கட்டும் வீடுகளில் பூட்டப்படும் காஸ் ஃபேர்னஸ், எரிக்கும் காஸில் 95 சதவீதமளவை வீட்டுக்குள் வெப்பமாகத் தந்துவிடும். அதனால்தான் புகைக்குழாய்க்கு வெறும் பிளாஸ்டிக்கே போதுமாக இருக்கிறது. இரவெல்லாம் ஓடுவதும் குறையல்ல. இரண்டு கட்டமாக எரிகிற ரகம் என்றால், குறைந்த கட்டத்தில் நெடுநேரம் மெல்ல ஓடுவதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். கடுங்குளிரில் ஐந்து நிமிடம் எரிந்து நின்று, திரும்ப எரிந்து நிற்கிற ஃபேர்னஸைக் கண்டால்தான் நான் யோசிப்பேன். சந்தேகமிருந்தால் நீங்களே பாருங்கள்: 60,000 பிடியூ (ஒரு மணிநேரத்தில் எரிக்கும் வெப்ப அளவு) உள்ள ஃபேர்னஸ் முழு மூச்சில் ஒரு மணிநேரம் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கன மீற்றர் காஸ் போகும். அடுப்பும் சுடுதண்ணீரும் பாவிக்காத ஒரு மணிநேரத்தில், வெளிச்சுவரில் இருக்கும் மீற்றரை இரண்டு தரம் வாசியுங்கள். அதைவிடக் குறைவாக ஓடியிருந்தால் ஃபேர்னஸ் முழு மூச்சில் எரியவில்லை என்று தெரிந்துவிடும்.

இனி அந்த பில். டொலரை விட்டுவிட்டுக் கன மீற்றர் வரியைப் பாருங்கள். அந்த அளவு மீற்றரை வாசித்து எடுத்ததா, மதிப்பீடா என்று அதிலேயே குறித்திருப்பார்கள். காஸ் மீற்றரை ஒவ்வொரு மாதமும் வந்து வாசிப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களில் வருவது ஊகக் கணக்கு. பழைய வீட்டுக்குப் போன வருடக் கணக்கு இருப்பதால் ஊகம் ஓரளவு பொருந்தும். உங்கள் வீட்டுக்குப் போன வருடமே கிடையாது. முதல் இரண்டு பில்லும் குறைத்து மதிப்பிட்டவையாக இருந்து, ஜனவரியில் உண்மையாக வாசித்திருந்தால், விடுபட்டதெல்லாம் ஒரே பில்லில் வந்து விழும். உங்கள் கதையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இனிமேல் மீற்றரைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அளவை நீங்களே இணையத்தில் பதிந்துவிடுங்கள். முதல் பில்லின் தொடக்க அளவையும், சாவி வாங்கிய திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவர்ப் பூச்சு காய்வதற்காக பில்டர் எரித்த காஸ் உங்கள் தலையில் விழுந்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பில்லோடு ஒப்பிடுகிறீர்களா? 2025 ஏப்ரல் 1 முதல் காஸ் பில்லில் இருந்த கரிமக் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய பில்லில் டொலரை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஊகக் கணக்கைக் கழித்த பிறகும் முதல் குளிர்காலம் கொஞ்சம் கூடத்தான் வரும். புதுக் கொங்கிரீட்டிலும் மரச்சட்டத்திலும் சுவர்ப் பூச்சிலும் நூற்றுக்கணக்கான லீற்றர் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. அதை ஆவியாக்கி வெளியேற்றுவதும் உங்கள் ஃபேர்னஸின் வேலைதான். யன்னல் அடியில் காலையில் ஈரம் வடிகிறதென்றால் அதுதான் காரணம். இதற்காக பேஸ்மென்டில் இருக்கும் எச்ஆர்வி, அதாவது பழைய காற்றை வெளியே தள்ளி அதன் சூட்டைப் புதுக் காற்றுக்குக் கைமாற்றும் பெட்டி, ஓடத்தான் வேண்டும். "கரண்ட் மிச்சம்" என்று சொல்லி அதை நிறுத்திவிடுகிற வீடுகளில்தான் பிறகு பூஞ்சணம் பிடிக்கிறது. அதே நேரம், பில்டரின் ஆட்கள் உச்சத்தில் விட்டுப் போனபடியே நாள் முழுக்க ஓடவும் விடாதீர்கள். உள்ளே ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். வெளியே குளிர் கூடக் கூட 30 பக்கம் இறக்குங்கள். பெட்டியைத் திறந்து அதன் வடிகட்டிகளையும் பாருங்கள். புது வீட்டில் அவை சுவர்ப் பூச்சுத் தூள் அடைத்து வெள்ளைக் கம்பளி போல இருக்கும். ஃபேர்னஸ் வடிகட்டியும் அப்படித்தான். முதல் குளிர்காலத்தில் மாதமொன்று மாற்றினாலும் தகும்.

அடுத்தது சமையலறை. நம்மவர் வீட்டுக்கென்றே நான் தனியாகச் சொல்லும் விஷயம் இது. மீன் பொரித்தால் வீடு மணக்கும் என்று அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் 600 சீஎஃப்எம் ஹுட் வாங்கிப் பூட்டுகிறார்கள். அது ஒரு நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை வெளியே இழுக்கும். 2,000 சதுர அடி, 9 அடி உயரக் கூரை என்றால் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் மொத்தக் காற்றே 18,000 கன அடி. அரை மணிநேரம் உச்சத்தில் ஓடினால் காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டுக் காற்று முழுதும் வெளியே போய், அதே அளவு குளிர்காற்று கதவிடுக்குகளால் உள்ளே வந்திருக்கும். பொரிக்கும்போது போடுங்கள், சோறு அவிய அது தேவையில்லை. வெளிச்சுவரில் அதன் மூடி காற்றுக்கு அடித்துக்கொண்டு திறந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி உங்கள் வாசலுக்கு வந்த கனவான்.

புது வீட்டுத் தெருக்களில் இவர்கள் குளிர்காலத்தில் திரிவது தற்செயல் அல்ல. முதல் பில் வரும் காலம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், ஜாக்கெட்டில் காஸ் கொம்பனி போல ஒரு சின்னம் இருக்கும். "உங்கள் பில்லைக் கொஞ்சம் காட்டுங்கோ" என்பார்கள். காட்டவே கூடாது, அதில் உங்கள் கணக்கு இலக்கம் இருக்கிறது. காஸ், மின்சார விலை ஒப்பந்தங்களை வீடு வீடாக விற்பதை ஒன்ராறியோ 2017 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. ஃபேர்னஸ், குளிரூட்டி, சுடுநீர்த் தாங்கி, தண்ணீர் வடிகட்டி, காற்றுக்குழாய் துப்புரவு போன்றவற்றை அழையாமல் வந்து விற்பதற்கு 2018 மார்ச் 1 முதல் தடை. அழையாதவரோடு வைத்த அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. காஸை மலிவாகத் தருகிறேன் என்பதும் பசப்புத்தான்: காஸ் கொம்பனியான என்பிரிட்ஜின் காஸ் விலையை ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதிக்கிறது, காஸ் விலையின் மீது அந்த நிறுவனம் இலாபம் வைக்க முடியாது.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. அதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். தடை "அழையாமல் வந்தவருக்கு" மட்டும்தான். நீங்களே அழைத்தால் அவர் வரலாம், விற்கலாம், கையெழுத்து வாங்கலாம். அழைப்பது என்றால் என்ன? ஃபேஸ்புக்கில் "அரசாங்க மானியத்துக்குத் தகுதியா என்று பாருங்கள்" என்று ஒரு விளம்பரம் வரும். பெயரும் தொலைபேசி இலக்கமும் போடுவீர்கள். அடுத்த நாள் ஒரு தங்கச்சி தமிழிலேயே இனிமையாகக் கதைத்து, "சனிக்கிழமை ஆளை அனுப்பட்டோ?" என்பார். "ஓம், வரட்டும்" என்றீர்களா? அவர்கள் கணக்கில் நீங்கள் அழைத்துவிட்டீர்கள். ரியல்டர் இலக்கத்தைக் கொடுத்து, நீங்கள் ஒரு குறுஞ்செய்தி போட்டு வந்தவர் என்றாலும் அதே கதைதான். அதன் பிறகு உங்களுக்கு மிஞ்சுவது எழுத்து ஒப்பந்தத்தின் பிரதி கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாட்கள். அந்த 10 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். மின்னஞ்சலில், திகதி தெரிய எழுதுங்கள். தொலைபேசியில் "சரி அண்ணை, நான் கான்சல் பண்ணிவிடுகிறேன்" என்று அவர் சொன்னதெல்லாம் பதினோராம் நாள் காற்றோடு போய்விடும்.

"இலவசம்" என்பது பூட்டுக்கூலி மட்டும்தான். வாடகை ஒப்பந்தம் 10, 15 வருடம் ஓடும்; வருடாவருடம் ஏறும்; இடையில் விலக வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். முன்பெல்லாம் இந்த வாடகைக்கு ஈடாக உங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்திலேயே ஒரு பதிவைப் போட்டுவிடுவார்கள். வீட்டை விற்கவோ மோர்ட்கேஜை மாற்றவோ போகும்போதுதான், அதுவும் வக்கீல் சொல்லித்தான், வீட்டுக்காரருக்கே அது தெரியவரும். 2024 ஜூனில் நிறைவேறிய சட்டம் அந்தப் பதிவுகளை ஒழித்தது. அத்தனை வயதானவர்கள் ஏமாந்த பிறகு! ஆனால் ஒழிந்தது பதிவுதான். வாடகைக் கடன் அப்படியே இருக்கிறது. மானியம் உண்மையிலேயே வேண்டுமென்றால் மாகாணத்தின் திட்டத்துக்கு அதன் சொந்த இணையப் பக்கம் இருக்கிறது. அரசாங்கம் ஒருநாளும் வாசல் மணியை அடிப்பதில்லை. உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: உத்தரவாதக் காலத்துக்குள் வெளியாள் ஃபேர்னஸில் கைவைத்தால், "நாங்கள் பூட்டியதை மாற்றிவிட்டார்கள்" என்று பில்டர் கழன்றுகொள்வார்.

வாடகை என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் சுடுநீர்த் தாங்கி உங்களுடையதா? இங்கே புது வீடுகளில் பெரும்பாலும் அது வாடகைதான். வீட்டு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், யாரும் வாசிக்காத பக்கத்தில் இருக்கும். சில இடங்களில் ஃபேர்னஸையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்தத் தொகையையும் "ஹீட்டிங் செலவு" என்று கூட்டித்தான் பலர் பயப்படுகிறார்கள். விலைக்கு வாங்கிவிட என்ன தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் அறைதான் உண்மையான பழுது. கராஜுக்கு மேலுள்ள அறையில் தரைக்கடியில் காப்புப் பஞ்சு விடுபட்டிருக்கலாம், காற்றுக் கசிவு இருக்கலாம், கராஜ் கூரைக்குள் போகும் சூட்டுக்குழாய் மூட்டு கழன்று கராஜைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் நீங்கள் காசு செலவழிக்கக் கூடாது. வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்புக்கு டேரியன் (ஒன்ராறியோவில் புது வீட்டு உத்தரவாதத்தைக் கவனிக்கும் அமைப்பு) உத்தரவாதம் இரண்டு வருடம். மாகாணக் கட்டடச் சட்டத்தின்படி அந்த ஊரின் வடிவமைப்புக் குளிரில் (வீட்டைத் திட்டமிடும்போது கணக்கில் எடுக்கும் கடுங்குளிர்) வசிக்கும் அறை 22 பாகை வரை சூடாக வேண்டும். பத்து டொலர் வெப்பமானி ஒன்றை அறையின் நடுவில் வையுங்கள். காலையில் அதையும் தேர்மோஸ்டாட்டையும் வெளி வெப்பநிலையையும் ஒரு கிழமை படமெடுங்கள். படிவத்தில் "அறை குளிர்" என்று எழுதாதீர்கள். "தேர்மோஸ்டாட் 22, வெளியே -12, அறை 16" என்பதுபோல, கண்ட எண்களை அப்படியே எழுதுங்கள். பில்டருக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் மட்டும் போதாது. டேரியனின் மைஹோம் இணையக் கணக்கில் அந்தந்தப் படிவத்துக்குரிய திகதிக்குள் போட்டால்தான் அது முறைப்பாடு. திகதி தவறினால் உரிமையும் தவறும்.

பிறகு பில்டருக்குத் திருத்த 120 நாள் அவகாசம். பெப்ரவரியில் கொடுத்த குளிர் முறைப்பாட்டைப் பார்க்க ஜூனில் ஆள் வருவார், அரைக் கைச் சட்டையோடு. "இப்ப அறை சூடாகத்தானே இருக்கு" என்பார். இந்த ஒழுங்கை வகுத்தவர்கள் யாரும் கராஜுக்கு மேலே படுத்ததில்லை போலும். அதனால்தான் படங்கள். வீட்டில் வெப்பமே முற்றாக நின்றுவிட்டால் மட்டும் அது அவசரநிலை. அப்போது இந்தக் காத்திருப்பு இல்லை.

தேர்மோஸ்டாட் பகலில் 20, 21. படுக்கும்போது 17, 18. காஸ் ஃபேர்னஸில் இரவில் இறக்கினால் மிச்சம்தான். "திரும்பச் சூடாக்கக் கூடச் செலவாகும்" என்பது கட்டுக்கதை. பில்லின் அதிர்ச்சியைத் தாங்க முடியாவிட்டால் சம மாதத் தவணைக்கு மாறுங்கள். அது தள்ளுபடியல்ல, பரத்திக் கட்டுவது மட்டும்.

பில்டர் வரும்வரை அம்மாவின் அறைக்கு எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் ஒன்று வையுங்கள். 1,500 வாட் ஹீட்டர் எட்டு மணிநேரம் விடாமல் ஓடினாலும் 12 யூனிட்தான். அந்த ஒரு அறைக்காக முழு வீட்டையும் 25க்கு ஏற்றுவதைவிட மலிவு. சுவர் பிளக்கில் நேராகக் குத்துங்கள், நீட்டிப்பு வயரில் வேண்டாம். அந்த அறையின் சூட்டுத் துவாரத்தின் மேல் கட்டிலோ அலுமாரியோ நிற்கிறதா என்றும் ஒருதரம் பாருங்கள்.