யுகேல கரண்ட், கேஸ் டைரக்ட் டெபிட்டை சப்ளையர் அவங்களா ஏத்திட்டா என்ன பண்ணனும்?

நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன், படிக்கறவங்களுக்கு புரியும். போன செப்டம்பர்ல மில்டன் கீன்ஸ்ல வாடகை வீட்டுக்கு குடி வந்திருக்கீங்க, கரண்ட் கேஸ் ரெண்டுக்கும் சேத்து டைரக்ட் டெபிட்ல, அதாவது சப்ளையரே உங்க பேங்க்ல இருந்து எடுத்துக்கற முறையில, மாசம் 140 பவுண்ட் போயிட்டு இருந்துச்சு, இப்ப மே மாசத்துல இருந்து 205 எடுப்போம்னு ஒரு ஈமெயில், ஆனா சப்ளையர் அக்கவுண்ட்ல 160 பவுண்ட் கிரெடிட், அதாவது எரிச்சதுக்கு மேல கட்டின காசு, நிக்குது. கேள்வி கேக்க நமக்கு உரிமை இருக்கா, இல்ல பேங்க்ல போய் கேன்சல் பண்ணிடவானு கேக்கறீங்க.

உரிமை தாராளமா இருக்கு. கேன்சல் மட்டும் பண்ணிடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல நல்லா ஏத்திக்கங்க, அந்த 205ங்கறது உங்க பில் இல்ல. ஊர்ல ஈபிக்காரர் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து ரீடிங் எடுப்பார், ஓடின யூனிட்டுக்கு காசு கட்டினா கதை முடிஞ்சது. இங்க அப்படி இல்ல, வருஷம் பூரா நீங்க எவ்வளவு எரிப்பீங்கனு சப்ளையரே ஒரு மதிப்பு போட்டு, அதை பன்னெண்டால வகுத்து மாசா மாசம் எடுத்துக்கறாங்க. குளிர்காலத்துல கேஸ் பிச்சுக்கிட்டு ஓடும், வெயில் காலத்துல சுத்தமா குறைஞ்சிடும், அந்த ஏத்த இறக்கத்தை சமமாக்கத்தான் இந்த ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான், நான் குறை சொல்லல, ஆனா அந்த மதிப்பு தப்பா இருந்தா மொத்தமும் தப்பாயிடும். அதனால "ஏன் இவ்வளவு அதிகம்"னு கேட்டு பிரயோஜனம் இல்ல, "எந்த யூனிட்டை வச்சு இந்த தொகை போட்டீங்க"னு கேக்கணும். இந்த ஒரு கேள்விதான் வேலை செய்யும்.

இதை கேக்கறதுக்கு பின்னாடி சட்டமும் இருக்கு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துல கரண்ட் கேஸ் கம்பெனிங்களை கண்காணிக்கறது ஆஃப்ஜெம், அவங்க சப்ளையருக்கு குடுக்கற லைசன்ஸ்ல 27வது கண்டிஷன்லயே இருக்கு, மாசத் தொகையை கையில இருக்கற சமீபத்திய, நல்ல தகவலை வச்சுத்தான் போடணும், எப்படி போட்டாங்கனு வாடிக்கையாளருக்கு புரியற மாதிரி விளக்கணும்னு. கிரெடிட் சேர்ந்திருந்து நீங்க திருப்பி கேட்டா, வச்சுக்கறதுக்கு நியாயமான காரணம் இல்லாத பட்சத்துல குடுத்தே ஆகணும்ங்கறதும் அதே இடத்துலதான் வருது. 2022 ஏப்ரல்ல ப்ரைஸ் கேப், அதாவது ஆஃப்ஜெம் ரேட்டுக்கு வைக்கற வரம்பு, ஒரு நடுத்தர வீட்டோட வருஷக் கணக்குல 1,277 பவுண்ட்ல இருந்து 1,971க்கு போனப்ப, அதாவது 54% ஏறினப்ப, அஞ்சு லட்சம் பேருக்கு மேல டைரக்ட் டெபிட் ரெண்டு மடங்குக்கும் மேல ஏறிடுச்சு, ஆஃப்ஜெம் 17 சப்ளையர்களை சோதிச்சு பாத்துட்டு அந்த கணக்கையெல்லாம் மறுபடி பாருங்கனு சொன்னாங்க. அதனால நீங்க ஒண்ணும் ஊர்ல இல்லாத கேள்வி கேக்கல.

சரி இப்ப உங்க கணக்குக்கு வருவோம், இதை நிதானமா படிங்க.

செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் எட்டு மாசம், 140 வீதம் 1,120 கட்டியாச்சு. அதுல 160 மிச்சம்னா எரிச்சது 960 பவுண்டுக்கு. அதுவும் எந்த எட்டு மாசம்? மொத்த குளிரும் அதுக்குள்ள அடக்கம். மிச்சம் இருக்கற நாலு மாசம் ஹீட்டிங்கே கிடையாது, சமையல், குளியல், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் அவ்வளவுதான், மாசம் 75னு வச்சாலும் 300. ஆக வருஷத்துக்கு 1,260 கிட்ட வருது, மாசத்துக்கு 105. 140ஏ ஜாஸ்தி, இதுல 205 எங்கிருந்து வந்துச்சு? கிரெடிட்ங்கறது எந்த மாசத்துல நிக்குதுன்னு பாக்கணும், செப்டம்பர்ல 160 நின்னா அது குளிருக்கு சேத்து வச்ச காசு, சரிதான்னு விட்டுடலாம், ஆனா ஏப்ரல் முடிவுல நின்னா நீங்க தேவைக்கு மேல கட்டிட்டு இருக்கீங்கனு அர்த்தம்.

ஆனா ஒரு ஆனா இருக்கு. அந்த 160 நிஜமான ரீடிங்ல வந்ததா? பில்லை எடுத்து ரீடிங் பக்கத்துல எஸ்டிமேட்டட்னு, அதாவது மீட்டரை பாக்காம உத்தேசமா போட்டதுனு, இருக்கானு பாருங்க. எஸ்டிமேட்டட்னா அந்த கிரெடிட்டே பொய்யா இருக்கலாம், நிஜத்துல நீங்க இன்னும் அதிகமா எரிச்சிருக்கலாம், அப்ப சண்டை போட்டு கடைசில நம்ம பக்கம் கடன் நிக்கும். அதனால போன் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து ரீடிங் அனுப்பிடுங்க. கேஸ் மீட்டர் பல வீட்ல வெளிய வெள்ளை பெட்டிக்குள்ள இருக்கும், முக்கோண சாவி போட்டு திறக்கணும். கறுப்பு எண்களை மட்டும் எழுதுங்க, புள்ளிக்கு அப்புறம் சிவப்புல வர்றது வேணாம். அப்படியே மீட்டர்ல கன மீட்டர்னு இருக்கா கன அடினு இருக்கானும் பாத்துக்கங்க, ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட் (பில்லுல kWhனு இருக்கும்), பழைய மீட்டர்ல நூறு கன அடி சுமார் 32 யூனிட், கன மீட்டர் மீட்டரை அவங்க சிஸ்டத்துல கன அடினு பதிஞ்சு வச்சிருந்தா பில் கிட்டத்தட்ட மூணு மடங்கா வரும். ஸ்மார்ட் மீட்டர்னாலும் ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க, அது சில சமயம் ரீடிங் அனுப்பறதை நிறுத்திடும், நமக்கு தெரியவே தெரியாது.

அடுத்தது, பில்லுல வருஷத்துக்கு உத்தேசமா எத்தனை யூனிட்னு ஒரு எண் இருக்கும். எனக்கு தோணறது உங்க பிரச்சனை அங்கதான். புது வீட்டுக்கு குடி போனா சப்ளையர் கையில உங்க பழக்கம் பத்தி ஒரு தகவலும் கிடையாது, அந்த மீட்டர்ல முன்னாடி இருந்தவங்க எரிச்ச கணக்குதான் இருக்கும். அவங்க ஆறு பேரா இருந்து பகல் பூரா ஹீட்டிங் போட்டிருந்தா அதை உங்க தலையில வச்சிடுவாங்க. கேஸ் 18,000, கரண்ட் 4,000 யூனிட்னு வச்சு கரண்ட் 26 பென்ஸ், கேஸ் 6.3 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ், அதாவது எரிச்சாலும் எரிக்காட்டியும் தினமும் கட்டற நிலையான கட்டணம், ரெண்டும் சேத்து ஒரு நாளைக்கு 88 பென்ஸ்னு போட்டு பாருங்க, மாசம் 208 வரும். உங்க 205 கிட்ட வருதா? 2023 அக்டோபர்ல ஆஃப்ஜெம் நடுத்தர வீட்டுக்குனு வச்ச அளவே கரண்ட் 2,700, கேஸ் 11,500தான், அதே ரேட்ல அது 146 பவுண்ட். ரேட் இடத்துக்கு இடம் மாறும், உங்க பில்லுல இருக்கறதை எடுத்துக்கங்க, VAT வரி 5% சேர்ந்திருக்கானும் பாருங்க. இன்னொன்னு, ப்ரைஸ் கேப்னா மொத்த பில்லுக்கு உச்ச வரம்புனு நிறைய பேர் நினைக்கறாங்க, கிடையாது, யூனிட் ரேட்டுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான் வரம்பு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறும்.

எங்க வீட்டுக்கும் இதே மாதிரி வந்துச்சு, எந்த கம்பெனினு வேணாம். போன் எடுத்த பொண்ணு ரொம்ப தன்மையாத்தான் பேசினாங்க, ஆனா எத்தனை தடவை கேட்டாலும் "சிஸ்டம் இதைத்தான் பரிந்துரைக்குது"ங்கறதே பதில். நான் ரேட்டை பத்தியே பேசல, சிஸ்டம் வருஷத்துக்கு எத்தனை யூனிட் கேஸ்னு எடுத்திருக்கு, அந்த எண்ணை மட்டும் படிச்சு சொல்லுங்கனு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் படிச்சாங்க, நாங்க எரிக்கறதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. என் கையில பழைய ரீடிங் எல்லாம் தேதியோட இருந்துச்சு, வரிசையா சொன்னேன், அந்த கால்லயே தொகையை இறக்கிட்டாங்க. உங்களுக்கும் அப்படி முடிஞ்சா நல்லது. முடியலைனா "இதை முறையான கம்ப்ளைண்ட்டா பதிவு பண்ணுங்க"னு சொல்லி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிடுங்க, சாட்லயோ ஈமெயில்லயோ போட்டா இன்னும் நல்லது, எழுத்துல நிக்கும். அதுல ரீடிங், தேதி, உங்க கணக்கு, நீங்க கட்ட தயாரா இருக்கற தொகை இது நாலும் இருக்கணும், கோவம் வேணாம்.

எட்டு வாரத்துல முடிக்கலைனா, இல்ல இதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுனு டெட்லாக் லெட்டர் குடுத்துட்டா, இந்த மாதிரி புகாரை தனியா விசாரிக்கற எனர்ஜி ஆம்பட்ஸ்மன் கிட்ட போகலாம். நமக்கு செலவு கிடையாது, நீங்க அவங்க முடிவை ஏத்துக்கிட்டா சப்ளையர் அதுபடி நடந்தே ஆகணும், ஏத்துக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல. லெட்டர் வந்து பன்னெண்டு மாசத்துக்குள்ள போயிடணும். நடுவுல குழப்பமா இருந்தா சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல இலவசமா வழி சொல்லுவாங்க.

கேன்சல் ஏன் வேணாம்னா, டைரக்ட் டெபிட்ல கட்டறவங்களுக்கு ரேட்டே கொஞ்சம் கம்மி, நிறுத்தினா பில் வந்தப்புறம் கட்டற ரேட்டுக்கு தள்ளிடுவாங்க, கட்டாம விட்டா கடன் கணக்குல போயிடும். பேங்க்ல டைரக்ட் டெபிட் கேரண்டி இருக்கே அதை வச்சு காசை திருப்பிடலாம்னு சிலர் சொல்லுவாங்க, அது முன்கூட்டி சொல்லாம எடுத்தா, சொன்ன தொகைக்கு மேல எடுத்தா, அந்த மாதிரி தப்புக்கு. தொகை மாறினா வழக்கமா 10 வேலை நாள் முன்னாடி சொல்லணும், உங்களுக்கு சொல்லிட்டுத்தான் ஏத்தறாங்க, அதனால அது இங்க உதவாது. மாசம் எவ்வளவு எரியுதோ அவ்வளவே எடுங்கனு மாறவும் சில சப்ளையர் விடறாங்க, ஆனா ஜனவரி பில்லை தாங்கற கையிருப்பு வேணும்.

எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கறது என்னன்னா, நம்ம ஆளுங்க நிறைய பேர் கடன் ஆயிடுமோ, விசாவுக்கு ஏதும் ஆயிடுமோனு பயந்துட்டு வாயை மூடிட்டு கட்டிடறாங்க. தெரிஞ்ச ஒரு அக்கா வீட்ல டைரக்ட் டெபிட் ஏறிடுச்சுனு டிசம்பர்ல ஹீட்டிங்கை நிறுத்திட்டு கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டரா போட்டு வச்சிருந்தாங்க, ஜன்னல் ஓரம் பூரா ஈரம் கோத்து கறுப்பா பூஞ்சை. ஆப்பை திறந்து பாத்தா முந்நூறு பவுண்டுக்கு மேல கிரெடிட்! அவங்க எரிச்சதுக்கு மேலயே கட்டியிருக்காங்க, அந்த காசு சப்ளையர் கையில இருக்கு, குழந்தை குளிர்ல இருக்கு. சப்ளையர் கிட்ட ஒரு கேள்வி கேக்கறதால விசாவுக்கு ஒண்ணும் ஆகாது, தயவுசெஞ்சு இதை தெரிஞ்சவங்களுக்கு சொல்லுங்க.

நிஜமாவே கடன் நிக்குதுனு ரீடிங் சொன்னாலும் பதற வேணாம், உங்க வசதியை பாத்துத்தான் தவணை போடணும்ங்கறதும் விதிதான். உங்க தப்பு இல்லாம பில் போடாம விட்டிருந்தா 12 மாசத்துக்கு முன்னாடி எரிச்சதுக்கு இப்ப காசு கேக்கவும் முடியாது.

இன்னிக்கே ரெண்டு மீட்டர் ரீடிங்கையும் அனுப்புங்க, 205 எடுக்கற தேதிக்கு முன்னாடி கம்ப்ளைண்ட் பதிவாகிடணும். பில்லுல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்குனு கமெண்ட்ல சொல்லுங்க, பேரு அக்கவுண்ட் நம்பர் எதுவும் போடாதீங்க, கணக்கை சேந்தே போட்டு பாத்துடலாம்.