கையெழுத்துப் போட்டு விலக்காதீர்கள், தங்கச்சி

தேவகோட்டைத் தங்கச்சிக்கு,

கணவருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து ஜனவரியில் குடும்பத்தோடு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். இங்கத்திக் கணக்கில் மகன் உயர்நிலை 2, அதாவது எட்டாம் வகுப்பு; மகள் தொடக்கநிலை 5, அதாவது ஐந்தாம் வகுப்பு. வாடகை எவ்வளவு, எந்த வட்டாரம் நல்லது, மிக்ஸி கொண்டு வரலாமா, பள்ளியில் பாலியல் கல்வி என்று ஒன்று இருக்கிறதாமே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாமாமே என்று வரிசையாகக் கேட்டிருந்தீர்கள்.

வாடகை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. மற்றதெல்லாம் வந்தபின் பழகிவிடும். நான் உட்கார்ந்து எழுதுவது அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான். கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த வகுப்பில் என்னவோ விபரீதமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்க வைத்தவள். பெற்றோருக்கு நடத்திய விளக்கக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து கேட்டவள். தொடக்கநிலை 5இல் தொடங்குகிறார்கள். உடம்பு எப்படி மாறும், ஈர்ப்பு வந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது, பிடிக்காததை ஒருவர் செய்யச் சொன்னால் எப்படி மறுப்பது என்பதுதான் அந்த வயதில். மேல் வகுப்பில் கருத்தடை, பால்வினை நோய்கள், சட்டம் எல்லாம் வரும். கல்வி அமைச்சின் நிலைப்பாடே திருமணம் வரை காத்திருப்பதுதான் நல்லது என்பது. உங்கள் அப்பத்தா வந்து பாடம் எடுத்தாலும் அதைத்தான் சொல்வார், காரணத்தைத்தான் சொல்லமாட்டார். அப்புறம், விலக்கு கேட்டாலும் தொடக்கநிலை 5 அறிவியலில் மனித இனப்பெருக்கம் பாடமாகவே வருகிறது, அதைத் தாண்டிப் போக முடியாது.

விலக்கிவைத்த பிள்ளை அந்த நேரத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இடைவேளையில் கூடப் படிக்கிறவர்கள் அத்தனையையும் அரைகுறையாகச் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் வாயால் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டியது இன்னொரு பிள்ளையின் வாயால் வரும். வீட்டில் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதையும் அந்தப் பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொள்ளும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இங்கே நம் ஆட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வந்ததும் உங்களை நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்துவிடுவார்கள். அதில் ஒரு வகை, நம் கலாச்சாரம், நம் கலாச்சாரம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டு பள்ளி அனுப்பும் எல்லாப் படிவத்துக்கும் பயப்படுகிறவர்கள். பெண் வயதுக்கு வந்ததும் ஊரில் பாட்டியிடம் கொண்டுபோய் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அம்மா அப்பா பக்கத்தில் இருக்க வேண்டிய வயதில் அந்தப் பெண் காரைக்குடியில் யாரோடும் ஒட்டாமல் தவிக்கும். இன்னொரு வகை, பெரிய சம்பளத்தில் வந்து, ஆளுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுத்து, எல்லாம் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று கை கழுவிவிடுகிறவர்கள். இரண்டு பேருமே பிள்ளையிடம் பேசுவதில்லை. நீங்கள் எந்தக் கூட்டத்திலும் சேர வேண்டாம்.

படிவத்தை விடவும் உங்கள் மகன் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஊரில் நாம் பெண்ணைத்தான் பொத்திப் பொத்தி வளர்ப்போம், பையனை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே அது ஆபத்து. 16 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு உறவு வைத்தால், அவர் சம்மதித்திருந்தாலும், சிங்கப்பூரில் குற்றம். பத்து வருடம் வரை சிறை. 14க்குக் கீழ் என்றால் இருபது வருடம் வரை போகும், அபராதமோ பிரம்படியோ கூடவே வரலாம். நம் நாட்டில் 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 என்று வைத்திருக்கிறது. இங்கே 16 என்றதும், அதற்கு மேல் எல்லாம் சரி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். 18க்குக் கீழ் உள்ளவரை ஏமாற்றியோ அதிகாரத்தில் வைத்தோ பயன்படுத்துவதும் தனிக் குற்றம்தான்.

கைப்பேசிக்கு வருகிறேன். யாராவது ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை வகுப்புக் குழுவில் போட, உங்கள் மகன் விளையாட்டாக இன்னொருவனுக்கு அனுப்பினால் அவனும் குற்றவாளி. ஒளிந்து படமெடுப்பது, கேட்காமல் ஆபாசப் படம் அனுப்புவது, அடுத்தவர் படத்தைப் பரப்புவது எல்லாவற்றையும் 2020 ஜனவரி முதல் தனித்தனிக் குற்றங்களாக்கிவிட்டார்கள். படத்தைப் பரப்பினால் ஐந்து வருடம் வரை சிறை. படத்தில் இருப்பது 16க்குக் கீழ் என்றால், கைப்பேசியில் வைத்திருப்பதே குற்றம். வகுப்பில் இதையும் சொல்லித்தருகிறார்கள். விலக்கிவைத்தால் உங்கள் பையனுக்கு இதை யார் சொல்வார்கள்?

இவ்வளவு பேசுவதால் நான் என்னவோ புதுமைவாதி என்று எண்ண வேண்டாம். பிள்ளைகள் காத்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறவள் நான். படிப்பு முடிந்து, சொந்தக் காலில் நின்று, தன்னை மதிக்கிற ஒருவரோடு வாழ்க்கையைத் தொடங்குவது நல்லது என்று இரண்டு பேரிடமும் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் “கூடாது” என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்தால் அது நிற்காது. அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்தார்கள். 1996இல் சட்டம் போட்டு, திருமணம் வரை விலகியிரு என்பதை மட்டும் சொல்லித்தரும் வகுப்புகளுக்கு வருடத்துக்கு ஐந்து கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்த அரசே நடத்த வைத்த ஆய்வு 2007இல் வந்தது. வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளும் உட்காராத பிள்ளைகளும் ஒரே அளவில்தான் விலகியிருந்தார்கள், முதல் உறவின் சராசரி வயதும் ஒன்றாகவே இருந்தது. சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் உறவில் இறங்குவது கூடுவதில்லை என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை வைத்துச் சொல்கிறது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கல்யாணமான கொஞ்ச நாளில் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். போனால் மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்பத்தா கானாடுகாத்தானில். கிட்டங்கியில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் இடத்தில், பொறுப்பாளரான மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே சமையல், ஒரே தூக்கம். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள், பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களைக் கட்டி வைத்தது மேலாளின் கண்ணும், ஊருக்குப் போகும் கடிதத்தின் பயமும்தான். பலர் ஒழுங்காகத்தான் இருந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சிலர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார்கள். சிலர் நோயோடு திரும்பி வந்து பெண்டாட்டிக்கும் கொடுத்தார்கள். பெரிய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், வாய் திறக்கமாட்டார்கள். அப்பத்தா வயதான காலத்தில்தான் என்னிடம் இதைச் சொன்னார், அதுவும் வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டில், குரலைத் தாழ்த்தி. கண்காணிப்பு அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் வரைக்கும்தான் தங்கச்சி. உங்கள் மகன் பஸ் ஏறினால் கூரை போய்விடும்.

எனக்கு 1996இல் கல்யாணம். சீர்வரிசைப் பட்டியலான முறைச்சிட்டையில் என்னென்ன எழுதினார்கள் என்று உங்களுக்கே தெரியும். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதியாயிற்று, வீட்டு வளவு முற்றம் நிறையச் சாமான் பரப்பியாயிற்று. வெள்ளி, எவர்சில்வர், பாய், மெத்தை, உப்புப் புளி வைக்கும் டப்பா முதல் எண்ணிச் சரிபார்த்தார்கள். தனிக்குடித்தனமாக வேறு வைத்தபோது குடித்தனம் நடத்தக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் உடம்பைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “மாப்பிள்ளை சொல்றபடி நடந்துக்க ஆத்தா” என்றார் அம்மா, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர் அப்படியே அடுத்த பாடத்துக்குத் தாண்டிவிட்டார்.

அப்படியே இங்கே வந்து இறங்கினேன். தோ பாயோவில் ஒரு சின்ன வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு; அவுக, அதான் என் வீட்டுக்காரர், காலையில் போனால் இரவுதான் வருவார்கள். மாதவிலக்கு தள்ளிப்போனது. கர்ப்பமா நோயா என்று தெரியவில்லை, தனியாக அழுதேன். கிளினிக்கில் தாதி (நர்ஸ்) கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேதி குறித்து வைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அந்தத் தாதி தமிழ்ப் பெண். காலண்டர் ஒன்றை எடுத்து, வட்டம் போட்டு, பெண் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தார். கல்யாணமாகி, கடல் தாண்டி வந்தபின் ஒரு அந்நியரிடம் நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன், வரவிடவும் இல்லை. ஒன்பது வயதிலேயே சொல்லிவிட்டேன். பையனுக்கும் நான்தான் சொன்னேன், அவுக கூச்சப்பட்டார்கள். என் மாமியார் கேட்டுவிட்டுப் பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2005இல் ஒரு பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு, பாதுகாப்பு பற்றிச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மேல் தமிழ்நாட்டில் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்களே, ஞாபகம் இருக்கும். 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அந்தப் பேட்டி வந்த நேரம் இங்கே ஒரு வீட்டு நவராத்திரிக் கொலுவில் எல்லோரும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதில் ரொம்பச் சத்தமாகப் பேசிய ஒருத்தி மறுநாள் எனக்குப் போன் போட்டு, கருத்தடைக்கு எந்த டாக்டரிடம் போகலாம் என்று மெதுவாகக் கேட்டாள். நம் பெண்களுக்குக் கேட்க ஆள் இல்லை, அதுதான் கஷ்டம். கூசாமல் சொன்னேன். இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு.

மகளுக்கு இன்னொன்று. 2019 முதல் உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமிக்கானது, உறவு தொடங்குவதற்கு முந்தைய வயதில் போட்டால்தான் பலன் அதிகம். “என் பெண்ணுக்கு எதற்கு அந்த ஊசி” என்று ரோஷப்பட்டு மறுத்த ஒரு குடும்பத்தோடு நான் சண்டையே போட்டேன். வாழ்நாள் முழுக்க ஒழுக்கமாக இருக்கும் பெண்ணுக்கும் கணவன் மூலம் அந்தக் கிருமி வரலாம். அந்தப் படிவத்துக்கு மட்டும் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

ஜனவரிக்கு முன்னால், ஊரிலேயே, சாமான் கட்டும் நேரத்தில் மகளை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். மாதவிலக்கு பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கட்டும், பையில் நாப்கின் இருக்கட்டும். மகனிடம் உங்கள் கணவர் பேசத் தயங்கினால் நீங்கள் பேசுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வரும் செட்டிப்பூசத்துக்கு எப்படியும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு வருவீர்கள், அங்கே நேரிலேயே பேசலாம்.