பாண்டும் காசோலையும் அவர்கள் கையில்; வேறு மருத்துவமனைக்கு மாற முடியுமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 மாதங்களாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேரும்போது இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். நடுவில் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டுமாம். ஒரிஜினல் சான்றிதழ்களும், கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலையும் அவர்களிடம் இருக்கின்றன. கணவர் சென்னையில் இருக்கிறார். குழந்தைக்கு ஒன்றரை வயது. சென்னையில் ஒரு மருத்துவமனை மாதம் 18,000 ரூபாய்க்கு அழைக்கிறது. எட்டு மணி நேர டூட்டி என்று போனில் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களோ பன்னிரண்டு மணி நேரம் என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, கோவை)

பதில்: ராஜினாமா கடிதத்தை இன்று கொடுத்துவிடாதீர்கள். புதிய இடத்தின் பணி நியமன ஆணை கைக்கு வரட்டும். கையில் ஒரு வேலை இருக்கும்வரைதான் நேரத்தைப் பற்றிப் பேச உங்களுக்குப் பலம் இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொடர்பான சட்டத்தொகுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். அதன்படி நியமன ஆணை கொடுப்பது கட்டாயம். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்பதுதான் வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்க உங்கள் சம்மதம் வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும்.

இதை உங்கள் சம்பளத்தில் போட்டுப் பாருங்கள். 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் மாதம் 208 மணி நேரம். 18,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 86 ரூபாய் 50 காசு. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் மாதத்துக்கு 104 மணி நேரம் கூடுதல். இரட்டிப்பு விகிதத்தில் அதற்கு இன்னொரு 18,000 ரூபாய் வரும். அதாவது, பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு 18,000 என்பது உங்களுக்குச் சேர வேண்டியதில் பாதி. பேரம் பேசும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலான நியமன ஆணைகளில் 'மருத்துவமனையின் தேவைக்கேற்பப் பணி நேரம் அமையும்' என்று ஒரு வரி இருக்கும். போனில் சொன்ன எட்டு மணி நேரத்தை விழுங்குவது அந்த ஒரு வரிதான். அதற்குப் பதிலாக இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: 'பணி நேரம் நாளுக்கு எட்டு மணி, ஹேண்ட் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்) நேரமும் இதில் அடக்கம். மாதத்தில் இத்தனை நைட் டூட்டிக்கு மேல் இல்லை. தொடர் நைட் முடிந்ததும் ஒரு நாள் ஓய்வு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம்.' ஹேண்ட் ஓவரை மறக்காதீர்கள். தினமும் அரை மணி நேரம் போனால், மாதம் 13 மணி நேரம் சம்பளமில்லாமல் போகும். இரவு ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணிக்குள் பெண்களை வேலைக்கு அமர்த்தவும் அவர்களின் சம்மதம் வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். அதையும் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? ஹெச்.ஆரிடம் மட்டும் பேசிப் பயனில்லை. டூட்டி ரோஸ்டர் (பணி நேர அட்டவணை) போடுபவர் நர்சிங் சூப்பிரண்டென்ட். அவர் ஒப்புக்கொள்ளாத நேரம் காகிதத்தில்தான் இருக்கும். அவரிடமும் பேசிவிட்டு, அன்றே இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'இன்று பேசியபடி என் பணி நேரம் இது, சரிதானே?' வரும் பதில் பின்னால் ஆதாரமாகும். எழுதித் தர மறுத்தால், அங்கே உண்மையில் எத்தனை மணி நேரம் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

இனி பாண்டு. அது உங்களைக் கட்டிப்போடாது. இன்னாரிடம்தான் வேலை செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் உங்களுக்கு உத்தரவிடாது. அவர்கள் பணம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அதே சமயம், பாண்டு என்றாலே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பாண்டில் எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உங்களுக்கு என்ன பயிற்சி தந்தார்கள், என்ன செலவழித்தார்கள் என்ற கேள்வி அங்கே எழும். 24 மாதத்தில் 14 முடித்துவிட்டீர்கள். சமரசம் பேசினால் மீதி 10 மாதத்தின் விகிதமான 41,667 ரூபாயிலிருந்து கீழ்நோக்கிப் பேசுங்கள்.

சான்றிதழ்களை அடகுபோல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணியில் இருக்கும்போதே, 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) திருப்பிக் கேளுங்கள். வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது அந்தக் காசோலைதான். சான்றிதழ் கேட்கும் கடிதத்திலேயே 'பாண்டுக்குப் பாதுகாப்பாகத் தேதியும் தொகையும் இல்லாமல் வாங்கிய காசோலை எண் இன்னது, எனக்குக் கடன் எதுவும் இல்லை, திருப்பித் தரவும்' என்று எழுதிவிடுங்கள். வங்கியில் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அப்படித் திரும்பினாலும் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்கு வரலாம். நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போய்விட வேண்டும். பலர் பயத்தில் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்; சரியான முகவரிக்கு வந்தது சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

ராஜினாமாவை மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பி, நோட்டீஸ் காலம் முழுவதும் டூட்டி பாருங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அவர்கள் வழக்கு வலுவாகும். விலகிய இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் விலகிய தேதியை அவர்கள் பதியாவிட்டால், கடைசிச் சந்தா வந்த இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். சென்னையில் சேரும் நாளில் ஒரிஜினல்களைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி, அன்றே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.