வாசகர் கேள்வி – பதில்: ஆறாம் அத்தியாயத்தில் மூடி வைத்த நாவல்

கேள்வி: அம்மா, நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஹாரி பாட்டர் முதல் நாவலை இரண்டே நாளில் முடித்தேன். இரண்டாவதை ஆறாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன். மறுபடியும் பெரியம்மா வீடு, மறுபடியும் விடுமுறை, மறுபடியும் பள்ளி. நேராக மூன்றாவதுக்குப் போய்விடலாமா?

பதில்: போகாதே. நிறுத்தியதுதான் நிறுத்தினாய், ஆறாம் அத்தியாயத்திலா நிறுத்துவாய்! ஏழாம் அத்தியாயம் முடியும்போது ஹாரியின் காதுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கும். எட்டாவதன் முடிவில் பள்ளிக் காவலரின் பூனை கல்லாய் விறைத்து, தீப்பந்தம் செருகும் தாங்கியில் வாலால் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே தரையில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரை மறந்துவிடாதே. இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

மறுபடியும், மறுபடியும் என்கிறாயே, அந்தத் தொடக்கத்தை இன்னொரு முறை படித்துப் பார். முதல் நாவலில் ஹாரிக்குக் கடிதங்கள் மழையாய்க் கொட்டின. கணப்படுப்பு வழியாகக்கூட வந்து விழுந்தன. இரண்டாவதில் கோடை முழுக்க ஒரு கடிதம் இல்லை. பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை இல்லை. வீடு அதேதான், பிள்ளைதான் மாறிவிட்டான். போன வருடம் அவனிடம் பறிகொடுக்க எதுவும் இல்லை. இப்போது நண்பர்கள் இருக்கிறார்கள், பள்ளி இருக்கிறது. அதெல்லாம் கனவாகிவிடுமோ என்று தவிக்கிறான்.

பதின்மூன்றாம் அத்தியாயம் வரைக்குமாவது போ. பைக்குள் மைப்புட்டி உடைந்து ஹாரியின் புத்தகங்கள் எல்லாம் சிவப்பு மையில் ஊறிவிடுகின்றன. ஐம்பது வருடத்துப் பழைய நாட்குறிப்பு ஒன்றில் மட்டும் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. அதில் ஒரு சொட்டு மை விட்டுப் பார்க்கிறான், தாள் உறிஞ்சிக்கொள்கிறது. தன் பெயரை எழுதுகிறான். எழுத்து மறைகிறது. பிறகு அதே மையில் பதில் ஊறி மேலே வருகிறது, மிகவும் மரியாதையாக. யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் எழுதி வைக்கும் வயது உன் வயது. எழுதியதற்கு அன்பாகப் பதில் வந்தால் யார்தான் நிறுத்துவார்கள்? அந்த நாவலில் வரும் எந்தப் பயங்கரத்தையும்விட அந்த மரியாதையான பதில்தான் என்னை நடுங்கவைத்தது.

நானும் அவசரப்பட்டுப் படித்தவள்தான். நான்காம் அத்தியாயத்தில், வழி தவறி ஒரு கடையில் போய் விழும் ஹாரி பெரிய கறுப்பு அலமாரிக்குள் ஒளிந்துகொள்வதை மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். 1998இல் வந்த நாவல் அது. 2005இல் ஆறாவது வெளியானபோது அந்த அலமாரி திரும்ப வந்தது! கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாம் நாவலைத் தேடி எடுத்து, நின்றபடியே அந்த அத்தியாயத்தை வரி விடாமல் படித்தேன். உன் தோழிகளையும் திரும்பப் படிக்கச் சொல்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டாம் நாவல் பயமுறுத்தும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பதினைந்தாம் அத்தியாயத்தில் காட்டுக்குள் சிலந்திகள் வரும்; அதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு அத்தியாயங்களை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். பதினேழாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தால் பிள்ளை தூங்க மாட்டான்.

கேள்வி: மந்திரப் பள்ளிக் கதைகளில் இரண்டாம் நாவல் என்றாலே அதே பள்ளி, அடுத்த வகுப்பு என்றுதான் இருக்குமா?

பதில்: உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையைப் படியுங்கள். 1968இல் வந்த முதல் நாவலில் கெட் என்ற சிறுவன் ரோக் தீவுப் பள்ளியில் மந்திரம் கற்கிறான். இரண்டாவதில் அந்தப் பள்ளிக்குள் நாம் நுழைவதே இல்லை. பாலைவனத்துக் கல்லறைகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்படும் ஒரு பெண்ணின் கதை அது; அவளுடைய சொந்தப் பெயரைக்கூடப் பறித்துவிடுகிறார்கள். கெட் எங்கே என்று நான் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேன். விளக்கே ஏற்றக் கூடாத நிலவறையில் ஒரு நாள் அவள் வெளிச்சத்தைப் பார்க்கிறாள். யாரோ ஒரு திருடன். அது கெட்தான் என்று எனக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.