குளியலறையில் புரொப்பேன் ஹீட்டர்: முதலில் அதை வெளியே வையுங்கள்

குளியலறையில் வைத்த புரொப்பேன் எரிவாயு வாட்டர் ஹீட்டரில் சூடாக வரும் தண்ணீர் பத்து நிமிடத்தில் சூடு குறைந்து வெதுவெதுப்பாகிவிடுகிறது, சிலிண்டரில் பனி படிகிறது, குளித்து முடித்தால் தலை வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பயப்படுவது அந்தத் தலைவலிக்குத்தான். அதற்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவாக இருக்கலாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைபோக்கி இல்லாத இந்த ஹீட்டர்கள் திறந்த வெளிக்கானவை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹீட்டரையும் சிலிண்டரையும் இன்றே வெளியே மாற்றுங்கள். ஜன்னல், கதவுப் பக்கம் வேண்டாம். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, பனி விஷயம். திரவப் புரொப்பேன் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தையே இழுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 10.5 கிலோவாட் வேண்டும். மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வாயு செலவாகும். சின்ன சிலிண்டரால் அவ்வளவு வேகமாக ஆவியாக்க முடியாது. அழுத்தம் இறங்கும், சுடர் சுருங்கும். பெரிய சிலிண்டர் போடுங்கள், நீர் வேகத்தையும் குறையுங்கள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றவே கூடாது.

அப்புறம், சுடர் நீலமாக இருக்கிறதா பாருங்கள். மஞ்சளாக எரிந்தால், கரி படிந்தால், உடனே நிறுத்துங்கள். வீட்டுக் குழாய்களோடு நிரந்தரமாக இணைக்கும் எண்ணம் இருந்தால் கையேட்டைப் படியுங்கள். பல மாடல்களில் நீர் வெளியேறும் பக்கத்தை மூடக் கூடாது.