கடற்பாசி ஆலையில் எதுவும் வீணாகாதா? வாசகர் கேள்வி பதில்

நாங்கள் மிதவை கட்டி ‘பெப்சி பாசி’ (கப்பாபைகஸ் என்ற கடற்பாசி) வளர்க்கிறோம். காயவைத்துக் கொடுத்தால், ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று வியாபாரி ஒவ்வொரு முறையும் விலையைக் குறைக்கிறார். என்ன செய்யலாம்?
*மகளிர் குழு, தொண்டி*

மணலில் பரப்பிக் காயவைப்பதை முதலில் நிறுத்துங்கள். இடுப்புயரத்துக்கு மூங்கில் பரண் கட்டி, மேலே பழைய வலையை விரித்து, பாசியை அடர்த்தி இல்லாமல் பரப்புங்கள். அடியிலிருந்தும் காற்று போகும், மண்ணும் ஒட்டாது. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும்.

மழை வந்தால் தார்ப்பாய் போட்டே ஆகவேண்டும். பாதி காய்ந்த பாசியில் நன்னீர் பட்டால் அதிலுள்ள பொட்டாசியம் உப்பு கரைந்து ஓடிவிடும். பாசி வெளுத்துப் புளிக்கும். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற, உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருளின் கூழ் இறுக்கமும் குறையும். மழை விட்டதும் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். மூடிக் கிடந்து புழுங்கிய பாசியும் கெட்டுத்தான் போகும்.

ஈரம் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சந்தையில் வழக்கமான எல்லை. ஆலையில் 100 கிராம் பாசியை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்துப் பார்ப்பார்கள். 65 கிராமுக்குக் குறையாமல் மிஞ்சினால் சரி. இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாலும் கையாலும் மதிப்பிட்டு விலை பேசும் வரை நட்டம் உங்களுக்குத்தான். காய்ந்த பாசியின் மேல் பூக்கும் வெள்ளைப் பொடி மண் அல்ல, உப்பு. அதில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு. மூட்டை கட்டுமுன் வலைமேல் தட்டி உதிர்த்துவிடுங்கள், உதிர்ந்ததைத் தனியே சேர்த்து வையுங்கள். நாற்று கட்டிய பிளாஸ்டிக் நூல் துண்டு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. அரவையில் அது பொடியாகிக் கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

கடற்பாசியில் ‘கழிவே இல்லாத சுழற்சிப் பொருளாதாரம்’ என்று வகுப்பில் படிக்கிறோம். ஆலையில் உண்மையில் எது எங்கே போகிறது?
*கல்லூரி மாணவர், காரைக்குடி*

ஈரப் பாசியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 1,000 கிலோ பறித்தால் காய்ந்து வருவது ஏறக்குறைய 100 கிலோ. வெயிலில் காயவைக்கும்போது அந்த நீரெல்லாம் ஆவியாகிப் போகிறது. ஆனால் பாசிக்குள் இருக்கும்போது அது வெறும் நீர் அல்ல. பொட்டாசியமும், பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் கரைந்த சாறு. பறித்த அன்றே பாசியை அரைத்துப் பிழிந்தால் சாறு திரவ உரமாகும். சக்கையைக் காயவைத்தால் கராஜீனனுக்கு மூலப்பொருள். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த முறை இது. 2005இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. கழிவைப் பிறகு எப்படிக் கையாள்வது என்று யோசிப்பதைவிட, எதை முதலில் பிரித்தெடுப்பது என்று யோசித்ததுதான் இதன் சிறப்பு. நிபந்தனை ஒன்று உண்டு: பிழியும் இடம் கரைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஈரப் பாசியை லாரியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் வழியிலேயே அழுகும்.

அடுத்த கட்டம் சமையல். பாதி சுத்திகரித்த கராஜீனனுக்கு, காய்ந்த பாசியைத் துளையிட்ட கூடையில் வைத்து, 8 விழுக்காடு அளவுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 75 முதல் 80 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். காரம், பாசியின் மூலக்கூறில் உள்ள சல்பேட்டின் ஒரு பகுதியைக் கழற்றி, கூழ் இறுகும் வடிவத்துக்கு மாற்றும். பொட்டாசியம் இருப்பதால் கராஜீனன் கரைந்து வெளியேறாமல் பாசிக்குள்ளேயே நிற்கும். சூடு கூடிவிட்டால் பாசி குழைந்து, சரக்கு கரைசலோடு போய்விடும். சூடு குறைந்தாலோ நேரம் போதாவிட்டாலோ மாற்றம் முழுமையாகாது, கூழ் தளதளவென்று நிற்கும். கழுவுவது போதாவிட்டால் பொடியில் காரம் தங்கி, வாங்குபவர் திருப்பி அனுப்புவார்.

ஒரு ஆலை சுழற்சியில் இயங்குகிறதா இல்லையா என்பதை நான் அளப்பது இந்தக் காரநீரை வைத்துத்தான். வெந்த நீரைக் கொட்டாமல், அதில் குறைந்துபோன அளவுக்குக் காரத்தைச் சேர்த்து அடுத்த கொதிப்புக்கும் பயன்படுத்தலாம். நிறம் மிகவும் கறுத்து, சரக்கின் நிறத்தைக் கெடுக்கும்போதுதான் மாற்றவேண்டும். அதைப் பாஸ்பாரிக் அமிலத்தால் நடுநிலைப்படுத்தினால் பொட்டாசியம் பாஸ்பேட், கந்தக அமிலத்தால் என்றால் பொட்டாசியம் சல்பேட். இரண்டும் பயிருக்கு உரம். காசு மிச்சம் என்று சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மாறினால் இந்த வழி அடைபடுகிறது: சோடியம் உப்பு நிறைந்த அந்த நீரை வயலில் விட்டால் மண் இறுகிக் கெடும். அப்போது அது உரமல்ல, சுத்திகரிக்க வேண்டிய கழிவுநீர். எந்தக் காரம் வாங்குகிறோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. முழுதும் சுத்திகரித்த கராஜீனன் எடுக்கும் ஆலையில் வடிகட்டியில் தங்கும் சக்கை, செல்லுலோஸும் வடிகட்ட உதவும் கனிமப் பொடியும் கலந்தது. அது மண்ணை இளக்கும் பொருளாகப் போகும். பெரிய விலை கிடைக்காது.

ஈரப் பாசியை மிக்சியில் அரைத்து வடிகட்டி முண்டு மிளகாய்க்கு அடித்தேன். இலை ஓரம் கருகிவிட்டது. சாறு நல்லது என்கிறார்களே?
*விவசாயி, பரமக்குடி*

நீர் கலக்காத சாற்றில் கடல் உப்பு முழுதும் இருக்கிறது. கருகியது அதனால்தான். வயல் ஆய்வுகளில் பெரும்பாலும் 2.5 முதல் 15 விழுக்காடு வரை நீர்த்துத்தான் தெளித்திருக்கிறார்கள். நீங்கள் 5 விழுக்காட்டில் தொடங்குங்கள்: 10 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர் சாறு. முதலில் இரண்டு வரிசைக்கு மட்டும் அடித்து நான்கு நாள் பாருங்கள். கிணற்று நீரே உப்பாக இருந்தால் அளவை இன்னும் குறையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். துணியில் இருமுறை வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். வீட்டில் பிழிந்த சாறு சீக்கிரம் நாறும், அன்றன்றே தீர்த்துவிடுங்கள். ஆலைகள் கெடாமலிருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்க்கின்றன.

இது வளர்ச்சி ஊக்கி. அடியுரத்துக்கு மாற்று ஆகாது. சொந்த வயலுக்குச் செய்துகொள்ளலாம். விற்பதாக இருந்தால், 2021இல் திருத்தப்பட்ட உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடற்பாசிச் சாறும் உயிரூக்கிகளில் சேரும், பதிவு தேவை.

கரையில் ஒதுங்கும் பாசியை மக்கவைத்து உரமாக்கலாமா?
*வாசகி, மண்டபம்*

ஆக்கலாம். முதலில் பார்த்துப் பிரியுங்கள். நாடாபோல நீண்டு கிடப்பது பெரும்பாலும் கடற்புல். அது மெதுவாகத்தான் மக்கும். கட்டக்கோரை, பக்கடா பாசி போன்ற பழுப்புப் பாசிகளைச் சரிவான இடத்தில் பரப்பி ஒரு நல்ல மழையில் நனையவிட்டால் உப்பு பெருமளவு இறங்கிவிடும். பிறகு ஒரு பங்கு பாசிக்கு மூன்று பங்கு காய்ந்த இலை, கொஞ்சம் சாணம். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். பாசியை மட்டும் குவித்தால் காற்று புகாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மூடிய அறையில் ஆளையே வீழ்த்தும். முடிந்த உரத்தில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் நாற்றங்காலுக்குப் போடாதீர்கள், தென்னைக்குப் போடுங்கள். ஒதுங்கியதை மட்டும் அள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே பறிக்க அனுமதி இல்லை.

பாசியில் செய்த பை, பிளாஸ்டிக்குக்கு மாற்றாகுமா?
*ஆசிரியர், மதுரை*

உலர்ந்த பொருளைச் சுற்ற ஆகும். கராஜீனன் கரைசலில் கிளிசரால் சேர்த்து வார்த்தால் வளையும் படலம் கிடைக்கும், ஆனால் ஈரம் பட்டால் உப்பிக் குழையும். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளின் படலத்தைக் கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்தால் நீரில் கரையாது, அதனால் ஈரப் பொருளுக்கு அதுவே மேல். பால் கவருக்கு இன்னும் ஆகாது.

பாசி வளர்ப்பு பவளப்பாறையை அழிக்கும் என்கிறார்களே?
*வாசகர், பாம்பன்*

கவலை நியாயமானது. மிதவையில் வளர்க்கும் பெப்சி பாசி நம் கடலுக்கு அந்நியம். குருசடைத் தீவில் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். விதை தேவையில்லை, உடைந்த ஒரு துண்டே தொற்றி வளர்ந்துவிடும். 12க்கு 12 அடி மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 கொத்து, கொத்து 150 கிராம் என்று 60 கிலோ நாற்று தொங்குகிறது. 45 நாளில் அது பலமடங்காகும்போது துண்டுகள் உதிரத்தான் செய்யும். மிதவையின் அடியில் கட்டும் வலை ஓரா மீன் கடிப்பதைத் தடுப்பதோடு உதிர்வதையும் பிடிக்கும். அதைக் கிழிய விடாதீர்கள். பாறை உள்ள இடத்தில் மிதவை போடாதீர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் கரைக்கு இழுத்துவிடுங்கள், அறுந்த கயிற்றை அன்றே தேடி எடுங்கள்.